டீக்கடையை வர்ணிக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

கேள்வி: நான் பி.ஏ. முதலாண்டு மாணவன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. ஆங்கிலத்தில் ஓர் இடத்தை வர்ணித்துப் பத்தி எழுதினால், "இலக்கணம் சரி, ஆனால் எதுவும் கண்ணில் தெரியவில்லை" என்கிறார் பேராசிரியர். கடைசியாக எங்கள் தெருமுனை டீக்கடையைப் பற்றி எழுதினேன். கடை அழகானது, உள்ளே பாய்லர் இருக்கிறது, வெளியே பெஞ்ச் இருக்கிறது, சுவரில் சாமி படங்கள், டீ சுவையாக இருக்கும், பெஞ்ச் பக்கத்தில் சைக்கிள்கள் நிற்கும், நிறையப் பேர் வருவார்கள். இதில் என்ன குறை?

பதில்: உங்கள் பத்தியைப் படிப்பவர் கடைக்குள் போகிறார், வெளியே வருகிறார், சுவரைப் பார்க்கிறார், டீ குடிக்கிறார், மறுபடி வெளியே வந்து சைக்கிளைப் பார்க்கிறார். பாவம், அவருக்குக் கால் வலிக்கும். எழுத உட்காரும் முன் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று முடிவு செய்யாததால் வந்த குழப்பம் இது.

சாலையின் எதிர்ப்புறம் நில்லுங்கள். முதலில் கண்ணில் படுவது சைக்கிள்களும் பெஞ்சும். அடுத்து, கடை முகப்பில் தொங்கும் வாழைத்தார். அதற்குப் பின்னால் மேடைமேல் பிஸ்கட் பாட்டில்கள், அதன் பின்னால் பாய்லர், கடைசியாகச் சுவரில் சாமி படம். அருகிலிருந்து தொலைவுக்கு ஒரே நேர்கோட்டில் போகிறோம். இதைத்தான் ஆங்கிலப் பாடத்தில் 'ஸ்பேஷியல் ஆர்டர்' என்கிறார்கள், இட வரிசை. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே என எந்தத் திசையும் சரிதான். எடுத்த திசையை நடுவில் மாற்றாதீர்கள்.

இந்த முறை நமக்குப் புதிதும் இல்லை. அடி முதல் முடி வரை வர்ணித்தால் பாதாதிகேசம், முடி முதல் அடி வரை என்றால் கேசாதிபாதம் என்று தமிழில் பெயரே உண்டு. சங்க நூலான பொருநராற்றுப்படையில் பாடினியின், அதாவது பாட்டுப் பாடும் பெண்ணின், கூந்தலில் தொடங்கும் வர்ணனை நெற்றி, புருவம், கண் என்று இறங்கி, ஓடி இளைத்த நாயின் நாக்கைப் போன்ற அவள் பாதத்தில் போய் முடிகிறது. அந்த நாய் நாக்கைக் கவனியுங்கள். அழகான பாதம் என்று சொல்லியிருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

உங்கள் பத்தியில் விடுபட்டது இந்த நுணுக்கம்தான். பாய்லர் என்று மட்டும் எழுதினால் எல்லா ஊர் பாய்லரும் ஒன்றே. நெற்றியில் விபூதிப் பட்டை போட்ட பித்தளை பாய்லர் என்றால் அது உங்கள் தெரு பாய்லர். 'நிறையப் பேர்' என்பதை எடுத்துவிட்டு, ஒரே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்து 4 பேர் படிப்பதைக் காட்டுங்கள். கூட்டம் தானாகத் தெரியும். 'பியூட்டிஃபுல்', 'நைஸ்' போன்ற சொற்களை முதல் வரைவில் அடித்துவிடுங்கள். அப்புறம், கண்ணில் பட்டதையெல்லாம் அடுக்கவும் வேண்டாம். பரபரப்பான கடை என்பதை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டால், அதற்கு உதவாத விவரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். தமிழ் வழியில் படித்தவர்கள் பெரும்பாலும் வழுக்குவது 'மேல்' என்ற சொல்லில். பாட்டில் மேடைமேல் இருக்கிறது, படமும் பாய்லருக்கு மேல் இருக்கிறது என்று நாம் ஒரே சொல்லால் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் பாட்டில் மேடையைத் தொட்டுக்கொண்டிருப்பதால் 'ஆன்', படம் தொடாமல் உயரத்தில் இருப்பதால் 'அபவ்'. 'மூலை'யும் அப்படியே. அறையின் உள்மூலை 'இன் தி கார்னர்', தெருமுனை 'அட் தி கார்னர்' அல்லது 'ஆன் தி கார்னர்'.

இன்னொன்று, 'தேர் இஸ்' என்றே எல்லா வாக்கியத்தையும் தொடங்காதீர்கள். இடத்தை முன்னால் வைத்துப் பாருங்கள்: 'பிஹைண்ட் தி கவுன்ட்டர் ஸ்டான்ட்ஸ் எ டால் பிராஸ் பாய்லர்.' இடம், வினை, அதன் பிறகு பொருள். ஸ்டாண்ட், ஹேங், லை, சிட் போன்ற வினைகளுக்கு இது அழகாகப் பொருந்தும். ஒரு பத்தியில் 2 முறை போதும், அதற்கு மேல் போனால் செயற்கையாகிவிடும். முதல் முறை சொல்லும்போது 'எ பாய்லர்', அடுத்த முறை 'தி பாய்லர்' என்பதையும் மறக்க வேண்டாம். அடைமொழிகளில் அளவு முன்னால், வடிவம் அடுத்து, நிறம் அதன்பின், எதனால் செய்தது என்பது கடைசியில்.

எழுதி முடித்ததும் அந்தக் கடையைப் பார்த்தே இராத ஒரு நண்பரிடம் பத்தியைக் கொடுத்து, படித்தபடி ஒரு படம் வரையச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. பாய்லரைப் பெஞ்சுக்குப் பக்கத்தில் வரைந்துவிட்டு நிமிர்ந்து உங்களைப் பார்த்தால், பாய்லர் வரும் வாக்கியத்தில்தான் இடச்சொல் விட்டுப்போயிருக்கும்.