'சாங்ஷன்' என்றால் அனுமதியா, தண்டனையா?

"சாங்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அனுமதி என்றே பொருள் படித்தேன். ஆனால் செய்திகளில் ஒரு நாட்டின் மீது சாங்ஷன்ஸ் விதித்தார்கள் என்று வருகிறது. ஒரே சொல் இப்படி எதிரெதிரான பொருளைத் தருமா? எங்கே எதைக் கொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவராகவோ செய்தி மொழிபெயர்ப்பவராகவோ இருக்கக்கூடும் என்று எண்ணுகிறேன். நான் ஆங்கில இலக்கியம் படித்தவன் அல்லன். பாசனப் பணிகளைக் கவனிக்கும் ஓர் அரசுக் கோட்ட அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மொழியறிஞர்கள் இருக்கும் இடத்தில் ஓர் அலுவலக ஊழியருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்தச் சொல்லை நாள்தோறும் கோப்புகளில் எழுதிப் பிழைத்தவர்கள் நாங்கள். இதன் இரண்டு முகங்களும் ஒரே ஆவணத்தில் எதிரே வந்து நின்றதை நேரில் கண்டிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் சாங்ஷன் என்றால் ஒரே பொருள்தான். ஒரு மதிப்பீட்டுக்கு முதலில் நிர்வாக ஒப்புதல் வர வேண்டும், அதன்பின் தொழில்நுட்ப ஒப்புதல், பிறகு நிதி. முதலிரண்டையும் ஏ.எஸ்., டி.எஸ். என்று சுருக்கிச் சொல்வோம். அந்த எஸ் என்பது சாங்ஷன். அரசாணைத் தமிழில் இதற்கு 'ஒப்பளிப்பு' என்ற அருமையான சொல் உண்டு. நிதி ஒப்பளிப்பு, ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் என்று எழுதுவார்கள். வெறும் அனுமதி என்பதைவிட இது நுட்பமானது, ஏனெனில் இதில் ஒப்புக்கொள்வதும் அளிப்பதும் சேர்ந்தே இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒப்பளிக்கப்பட்ட நீதிபதிகளின் எண்ணிக்கை 75 என்பதும், மின் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு என்பதும் இந்தப் பொருளைச் சேர்ந்தவை. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, பொது ஊழியர் மீதான வழக்கை நீதிமன்றம் ஏற்க முன்கூட்டியே பெற வேண்டும் என்று சொல்லும் சாங்ஷனும் இதுவே. அங்கே தண்டனை பற்றிய பேச்சு இருப்பதால் சிலர் மயங்குவதுண்டு; ஆனால் வழக்குத் தொடர அளிக்கப்படும் இசைவுதான் அது.

இப்போது நான் கண்ட நிகழ்ச்சிக்கு வருகிறேன். உலக வங்கிக் கடனுதவியுடன் ஏரிகளைச் சீரமைக்கும் பணிக்கு எங்கள் கோட்டத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. அத்தகைய பணிகளின் ஆவணம் உலக வங்கியின் மாதிரியைத் தழுவியது. அதில், வங்கியால் 'சாங்ஷன்' செய்யப்பட்ட நிறுவனமோ தனிநபரோ ஒப்பந்தம் பெறத் தகுதியற்றவர் என்ற கருத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஊழல், மோசடி போன்ற காரணங்களுக்காக உலக வங்கி நடவடிக்கை எடுத்து விலக்கி வைத்தவர்களை அது குறிக்கிறது. அந்த ஆவணம் முழுவதிலும் 'வங்கி' என்று பொதுவாகச் சொன்னாலும் அது உலக வங்கியையே சுட்டும்.

கரை வேலையிலும் மதகு வேலையிலும் நெடுங்காலம் பழகிய ஓர் ஒப்பந்ததாரர், உறுதிமொழிப் படிவத்தில், தாம் வங்கியால் சாங்ஷன் செய்யப்பட்டவரே என்று எழுதி, தமக்குக் கடன் வசதி வழங்கிய உள்ளூர் வங்கிக் கிளையின் ஒப்புதல் கடிதத்தையும் பெருமையுடன் இணைத்திருந்தார். பணி செய்யப் போதிய நிதி வசதி உண்டு என்று வேறொரு பக்கத்தில் காட்ட வேண்டியிருந்ததால், இதுவும் அதைத்தான் கேட்கிறது என்று அவர் கொண்டுவிட்டார். வாழ்நாள் முழுவதும் அந்தச் சொல்லைக் கடன் கிடைக்கும் செய்தியாகவே கேட்ட ஒருவர் அப்படிக் கொண்டதில் என்ன வியப்பு?

ஒப்பந்தப்புள்ளிகளைப் பரிசீலித்த இளம் பொறியாளர், இவர் தாமே தம்மைத் தகுதியற்றவர் என்று ஒப்புக்கொண்டுவிட்டார், ஆகவே நிராகரிக்கலாம் என்று குறிப்பு எழுதிவிட்டார். என் பிரிவு உதவியாளரோ, "சார், பேங்க் அனுமதிச்சவங்க வரக் கூடாதுன்னு ஆவணத்துலயே தப்பா அச்சாயிருக்கு போல" என்று என்னிடம் வந்தார். ஒரே வரியை மூவர் மூன்று விதமாகப் படித்திருந்தார்கள். நான் இரண்டு பொருளையும் விளக்கி, இணைக்கப்பட்ட கடிதமே அவர் எண்ணத்தைக் காட்டுகிறது, உலக வங்கி வெளியிடும் விலக்கப்பட்டோர் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கலாம், விலையிலோ பணியின் தன்மையிலோ மாற்றம் வராததால் விதிகள் அதற்கு இடம் தருகின்றன என்று கோப்பில் எழுதி வைத்தேன். செயற்பொறியாளர் அதை ஏற்றார். பட்டியலில் அந்த ஒப்பந்ததாரரின் பெயர் இல்லை. அவருடைய விளக்கமும் வந்தது. ஒப்பந்தப்புள்ளி பரிசீலனையில் சேர்க்கப்பட்டது. விலை குறைவாகக் கேட்டவர் வேறொருவர் என்பதால் பணி நம் ஒப்பந்ததாரருக்குக் கிடைக்கவில்லை. அது வேறு செய்தி. செய்யாத குற்றத்துக்காக விலக்கப்படாமல் விலையின் அடிப்படையில் அவர் தோற்றார் என்பதே எனக்கு நிறைவு.

ஒரு சொல் இப்படிப் பிரிந்தது எவ்வாறு என்று பின்னர் தேடிப் படித்தேன். இதன் மூலம் லத்தீன் மொழியின் 'சங்க்கீரே' என்ற வினை. மீறக் கூடாததாக ஆக்குதல், புனிதமாக நிலைநிறுத்துதல் என்பது அதன் பொருள். 'செயின்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வழியில் வந்ததுதான். ரோமானியச் சட்டங்களில், மீறினால் என்ன நேரும் என்று கூறும் பகுதிக்கு 'சாங்க்தியோ' என்று பெயர். சட்டத்துக்கு வலிமை தருவது அந்தப் பகுதியே. ஆக, ஒன்றை உறுதிப்படுத்தி வலிமை அளித்தல் என்ற ஒரே வேரிலிருந்து, ஒரு கிளை 'அதிகாரம் உள்ளவர் ஒப்புதல் தந்தார்' என்றும், மறு கிளை 'மீறியவருக்கு விளைவு உண்டு' என்றும் வளர்ந்தன. ஆங்கிலேயச் சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியான தம் நூலில், மனிதரைக் கட்டுப்படுத்தும் சாங்ஷன்களை இயற்கை, அரசியல், ஒழுக்கம், சமயம் என நான்காகப் பிரித்தபோது இந்த இரண்டாம் கிளையைத்தான் கையாண்டார்.

நாடுகளின் மீதான நடவடிக்கை என்ற பொருள் பரவலாக வழங்கியது இருபதாம் நூற்றாண்டில். அபிசீனியா (இன்றைய எத்தியோப்பியா) மீது படையெடுத்த இத்தாலி மீது 1935இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் எடுத்த நடவடிக்கைகளுக்கு இப்பெயர்தான் வழங்கிற்று. எண்ணெயை அதில் சேர்க்காமல் விட்டதால் அவை வலுவிழந்தன. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின் இந்தியா மீது அமெரிக்கா விதித்ததை நம் நாளேடுகள் 'பொருளாதாரத் தடை' என்று எழுதின. நல்ல தமிழாக்கம் அது. ஆனால் 'தண்டித்தல்' என்ற பொருளில் இச்சொல்லை வினையாகவே ஆள்வது அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவியது. நம் குழப்பம் முழுவதும் அந்த வினையில்தான் இருக்கிறது.

பெயர்ச்சொல்லாக வரும்போது அடையாளம் காண்பது எளிது. ஒருமையில் வந்து, யாரோ ஒருவர் 'தந்த' அல்லது 'பெற்ற' ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ஒப்புதல். பன்மையில் வந்து, ஒருவர் 'மீது' விதிக்கப்பட்டால் தண்டனைத் தடை. இதற்கும் விதிவிலக்கு உண்டு. சட்டவியலில் ஒருமையிலேயே தண்டனையைக் குறிக்கும். எனவே இதை மாறாத இலக்கணமாகச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

வினையாகவும் அடைமொழியாகவும் வரும்போது, செயலைப் பெறுவது யார் அல்லது எது என்று பாருங்கள். ஒரு திட்டமோ தொகையோ படை நடவடிக்கையோ என்றால் ஒப்புதல். ஓர் ஆளோ நிறுவனமோ நாடோ என்றால் பெரும்பாலும் தண்டனை. ஹைட்டி நாட்டுச் செய்திகள் இதற்குச் சிறந்த பயிற்சி. 2022 அக்டோபரில் ஐ.நா. பாதுகாப்பு அவை அந்நாட்டு ஆயுதக் கும்பல்களுக்கு எதிராகத் தடைத் திட்டம் கொண்டுவந்து, ஜிம்மி ஷெரிசியே என்ற கும்பல் தலைவரைப் பட்டியலில் சேர்த்தது. 2023 அக்டோபரில் அதே அவை, கென்யா தலைமையிலான பன்னாட்டுப் பாதுகாப்புப் படையை அங்கே அனுப்ப ஒப்புதல் தந்தது. 'ஐ.நா. சாங்ஷன் செய்த' என்ற ஒரே அடைமொழியைத் தலைவருக்கும் படைக்கும் இட முடியும். அவர் தடைக்கு உள்ளானவர், அது ஒப்புதல் பெற்றது. பொருள் தெரியாத இயந்திரத்திடம் இவ்வரியைக் கொடுத்து, வந்ததை அப்படியே அச்சேற்றினால், அமைதி காக்கச் சென்ற படை தடை செய்யப்பட்ட படையாகிவிடும்.

எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. மண்வேலையும் கல்வேலையும் நன்கு தெரிந்து, தமிழில் தெளிவாக எழுதக்கூடிய ஒப்பந்ததாரர்களிடம், பொருள் பிறழ்ந்தால் பிழைப்பே போய்விடும் உறுதிமொழிகளை ஆங்கிலத்தில் மட்டும் நீட்டிக் கையொப்பம் கேட்கிறோம். அந்தப் பிரிவின் அடியில் 'உலக வங்கியால் தண்டிக்கப்பட்டு விலக்கி வைக்கப்பட்டவர்' என்று தமிழில் ஒரு வரி இருந்திருந்தால் அன்று யாருக்கும் ஐயம் எழுந்திருக்காது. செலவும் இல்லை, தாமதமும் இல்லை.

நீங்கள் ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், 'பை' (இன்னாரால்) என்ற ஆங்கில உருபோடு இந்த வினையை ஆளாமல், ஒப்புதலுக்கு 'அப்ரூவ்ட்', தடைக்கு 'பீனலைஸ்ட்' (தண்டிக்கப்பட்ட) அல்லது 'டிபார்டு' (விலக்கி வைக்கப்பட்ட) என்று எழுதுங்கள். தமிழில் எழுதும்போது, அரசு நிதிக்கும் பணியிடத்துக்கும் ஒப்பளிப்பு, வழக்குத் தொடர இசைவு, நாடுகளின் மீது பொருளாதாரத் தடை என்று இடத்துக்கு ஏற்பப் பிரித்து எழுதிவிடலாம்.