பலூனுக்கு வெளியே

அன்புள்ள ஐயா,

இந்த மாதம் மூன்று புத்தகங்கள் படித்தேன். ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’, மர்ஜான் சத்ரபியின் ‘பெர்சேபோலிஸ்’ (இரண்டும் காமிக்ஸ் வடிவில் வந்த நினைவுக்குறிப்புகள்), இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகம். முதல் இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போனிலேயே முடித்துவிட்டேன். யூதப் படுகொலையும் ஈரான் புரட்சியும் ஏற்கெனவே தெரிந்த சங்கதிகள்தான். நினைவுக்குறிப்பை உரைநடையில் எழுதினால் போதாதா, படம் எதற்கு? இப்சனிலோ ஆரம்பம் முழுக்க வெறும் வீட்டுப் பேச்சு. நான் எதைத் தவறவிடுகிறேன்?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றிலும் நீங்கள் வசனத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள். ‘மௌஸ்’ இரண்டு பாகமும் சேர்ந்து முந்நூறு பக்கத்துக்குச் சற்றுக் குறைவு. வசனம் இருக்கும் குமிழைத்தான் பலூன் என்பார்கள்; பலூன் பலூனாகத் தாவினால் அரை நாளில் முடியும்தான்.

இரண்டாம் பாகத்தில் (1991) ஓர் இடம். ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமின் வாசலில் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துப் போகையில் வாத்தியக் குழு வாசித்தது என்பதற்கு ஆவணச் சான்று உண்டு. மகன் ஸ்பீகல்மன், அங்கே கைதியாக இருந்த தன் அப்பாவிடம் அதைக் கேட்கிறான். அப்பா விளாடெக் மறுக்கிறார்: நடந்து போனது ஞாபகமிருக்கிறது, காவலர்களின் கத்தல் ஞாபகமிருக்கிறது, வாத்தியம் எதுவும் இல்லை. வசனம் அவ்வளவுதான். இப்போது படத்தைப் பாருங்கள். முதலில் வாத்தியக்காரர்கள் தெளிவாகத் தெரிகிறார்கள். அப்பா மறுத்த பிறகு வரும் கட்டத்தில் கைதிகளின் வரிசை அவர்களை மறைத்துவிடுகிறது. ஆனால் தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி துருத்திக்கொண்டிருக்கிறது. அப்பா பொய் சொல்கிறார் என்று மகன் எங்கும் எழுதவில்லை, அவர் சொன்னதே சரி என்றும் விட்டுவிடவில்லை. உரைநடையில் இதை எழுதப் போனால் ‘ஆனால்’ என்றொரு சொல் வந்து விழும், விழுந்ததும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். படம் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

போனில் படித்ததுதான் பெரிய கோளாறு. ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியில் அந்த இரண்டு கட்டங்களும் ஒருசேரக் கண்ணில் படாது. ஒப்பிட முடியாவிட்டால் வெறும் கூட்டம்தான் தெரியும். பெரிதாக்கியும் லாபமில்லை. வழக்கமாகக் காமிக்ஸைப் பெரிதாக வரைந்து அச்சில் சுருக்குவார்கள். ஸ்பீகல்மன் அச்சாகும் அளவிலேயே ஃபவுண்டன் பேனாவால் வரைந்தார். கையெழுத்துப் பிரதியை வாசிப்பதுபோல இருக்க வேண்டும் என்பது நோக்கம். எனவே தாள் பிரதி, கைக்கெட்டும் தூரம்.

பக்கத்தைத் திருப்பியதும் எழுத்தைத் தொடாமல் பத்து வினாடி முழுப் பக்கத்தையும் பாருங்கள்: எந்தக் கட்டம் பெரியது, எங்கே கறுப்பு அப்பியிருக்கிறது, எது சட்டகத்தை உடைத்து வெளியே வருகிறது. பிறகு வசனம். அத்தியாயம் முடிந்ததும் மறுபடி ஆரம்பத்துக்குப் போய் படத்தை மட்டும் ஓட்டுங்கள், ஐந்து நிமிடம் போதும். ‘மௌஸ்’ என்றால் ஓர் அமர்வுக்கு ஓர் அத்தியாயம். அதற்கு மேல் போனால், யூதர்களுக்கு அவர் வரைந்த எலி முகம் பழகிவிடும். பழகிவிட்டால், போலந்துக்காரனாக (அவர்களுக்கு இதில் பன்றி முகம்) நடித்துத் தப்பும்போது யூதர்கள் மாட்டிக்கொள்ளும் பன்றி முகமூடியின் கயிறு கண்ணில் படாமல் போகும்.

‘பெர்சேபோலிஸ்’ (பிரெஞ்சில் 2000 முதல் 2003 வரை நான்கு பாகங்கள்) விஷயத்தில், ‘சாவி’ அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் மறுபடி எடுங்கள். மேல் பாதியில், போரில் செத்தால் சொர்க்கம் என்று சொல்லிக் கொடுத்த சாவியைக் கழுத்தில் மாட்டியபடி கண்ணிவெடியில் தூக்கியெறியப்படும் சிறுவர்கள், முகமே இல்லாத நிழலுருக்கள். கீழே மர்ஜியின், அதாவது சிறுமி சத்ரபியின், முதல் பார்ட்டி. கை கால் வீசி ஆடும் பிள்ளைகள், அம்மா பின்னிக் கொடுத்த ஓட்டை ஓட்டையான ஸ்வெட்டர். உடம்புகளின் வளைவு மேலும் கீழும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ஒற்றுமையைப் பற்றி வசனம் மூச்சு விடவில்லை. இதற்காக அந்தப் புத்தகம் முழுவதையும் தூக்கிப் பிடிக்கமாட்டேன். மர்ஜி வியன்னாவுக்குப் போனபின் கட்டத்துக்கு மேலே விளக்க வரிகள் பெருகி, படம் சும்மா துணைக்கு நிற்கிற பக்கங்கள் நிறைய. அங்கே உங்கள் புகாரில் நியாயம் உண்டு.

இப்சனில் பலூனுக்கு வெளியே இருப்பது அடைப்புக்குறிக்குள் உள்ள மேடைக் குறிப்பு. அதைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் வெறும் வீட்டுப் பேச்சாகத் தெரியும். 1879இல் வந்த நாடகம். திரை விலகி ஒரு நிமிடத்துக்குள் நாயகி நோரா கூலியாளுக்குப் பணம் தருகிறாள். அவன் கேட்டது 50 ஓரே, அவள் கொடுப்பது ஒரு குரோன் (100 ஓரே), அதாவது இரு மடங்கு. அடுத்து பையிலிருந்து மக்ரூனை எடுத்துத் தின்கிறாள் (தூத்துக்குடி முந்திரி மக்ரூன் இல்லை, பாதாம்). இனிப்பு கூடாது என்று தடுத்திருக்கும் கணவன் குரல் கேட்டதும் பொட்டலத்தை ஒளித்து வாயைத் துடைத்துக்கொள்கிறாள். கடனும் பொய்யும், நாடகத்தின் இரண்டு முடிச்சும் அங்கேயே விழுந்துவிட்டன. பென்சிலை எடுத்துக் குறிப்புகளை மட்டும் அடிக்கோடிட்டபடி முதல் அங்கத்தை மறுபடி படியுங்கள். அந்த மக்ரூன் பொட்டலம் குடும்ப நண்பர் டாக்டர் ராங்க் முன்னால் இன்னொரு தடவை வெளியே வரும். அப்போது நோரா பழியை யார் தலையில் போடுகிறாள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.