மேற்குப் பால்கன்: அண்டைப் பகையும் பொதுச் சந்தையும் – கேள்வி பதில்

வணிகவியல் மாணவி: ஐயா, கொசோவோவை ஒரு நாடாகவே ஏற்காத செர்பியா, அதே கொசோவோவுடன் ஒரே தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் இருப்பது எப்படி?

பதில்: காலவரிசைதான் காரணம், அம்மா. செஃப்டா எனப்படும் மத்திய ஐரோப்பியத் தடையற்ற வணிக ஒப்பந்தம் இன்றைய வடிவில் 2006 டிசம்பரில் புக்கரெஸ்டில் கையெழுத்தானபோது, செர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோவின் சார்பில் ஒப்பமிட்டது, 1999 போருக்குப் பின் அங்கிருந்த ஐ.நா. நிர்வாகம். கொசோவோ தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்ததோ 2008 பிப்ரவரியில். அதைச் செர்பியா மட்டுமன்றி, ஸ்பெயின், கிரீஸ், ருமேனியா, ஸ்லோவாக்கியா, சைப்ரஸ் ஆகிய ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் ஏற்கவில்லை.

ஓய்வுபெற்ற சுங்க அலுவலர்: அப்படியானால் சுங்க முத்திரையில் எந்தப் பெயரைப் போடுகிறார்கள்?

பதில்: சிக்கல் வெடித்ததே அந்த முத்திரையில்தான், ஐயா. சுதந்திரத்துக்குப் பின் கொசோவோ பயன்படுத்திய முத்திரையைச் செர்பியா ஏற்க மறுத்தது. 2011 ஜூலையில் கொசோவோ பதிலடியாகச் செர்பியச் சரக்குகளுக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில், ‘குடியரசு’ என்ற சொல் இல்லாமல் ‘கொசோவோ சுங்கம்’ என்று மட்டும் பொறிப்பதாக உடன்பாடு ஏற்பட்டது. 2012 பிப்ரவரியில் இன்னொரு படி: வட்டாரக் கூட்டங்களில் கொசோவோ என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியிட்டு, இப்பெயர் அதன் அரசியல் தகுதி குறித்த நிலைப்பாடுகளைப் பாதிக்காது என்று அடிக்குறிப்பில் எழுதுவது. இதைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் தீர்க்க முடியாத கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு லாரிகளை ஓடவிட்ட இத்தகைய ஏற்பாடுகளே, பெரிய மாநாட்டு அறிக்கைகளைவிட அதிகம் சாதித்தன என்பது என் கருத்து.

பொருளாதார ஆசிரியர்: வணிகம் பெருகினால் பகை தானே தணியும் என்று பாடநூல்கள் சொல்கின்றனவே?

பதில்: பால்கன் அனுபவம் அதை உறுதிப்படுத்தவில்லை. பன்னாட்டுக் காவல்துறை அமைப்பான இன்டர்போலில் சேரக் கொசோவோ செய்த முயற்சி 2018 நவம்பரில் தோற்றதும், அது செர்பிய, போஸ்னியச் சரக்குகளுக்கு 100 சதவீத வரி விதித்தது. 2020 ஏப்ரலில்தான் அவ்வரி நீங்கியது. 2023 ஜூனில் கொசோவோவின் மூன்று காவலர்களைச் செர்பியா பிடித்துவைத்தபோது மீண்டும் இறக்குமதித் தடை வந்தது. பிரான்சையும் மேற்கு ஜெர்மனியையும் இணைத்த 1951ஆம் ஆண்டின் நிலக்கரி, எஃகு ஒப்பந்தத்தை இங்கே எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அங்கே உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கொண்ட ஒரு பொது ஆணையம் இருந்தது. செஃப்டாவிலோ எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். வரி விதித்தவரைத் தடுக்க அங்கே ஆளில்லை.

மின்வாரியப் பொறியாளர்: இவர்கள் சச்சரவால் ஐரோப்பாவின் கடிகாரங்கள் தாமதமாக ஓடின என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: முழு உண்மை. ஸ்பெயின் முதல் துருக்கி வரை ஒரே மின்வலை, ஒரே 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்குகிறது. 2018 தொடக்கத்தில் கொசோவோ தன் உற்பத்தியைவிட அதிகமாக மின்சாரம் எடுத்தது; அப்பகுதியின் சமநிலைக்குப் பொறுப்பாயிருந்த செர்பியா அதை ஈடுகட்டவில்லை. பற்றாக்குறை 113 கிகாவாட் மணி. ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் தொடக்கம் வரை சராசரி அலைவெண் 49.996 ஹெர்ட்ஸாகக் குறைய, மின்வலையின் அலைவெண்ணை எண்ணி நேரம் காட்டும் அடுப்புக் கடிகாரங்களும் ரேடியோ கடிகாரங்களும் ஏறத்தாழ 6 நிமிடம் பின்தங்கின. வடக்குக் கொசோவோவின் செர்பியர்கள் 1999க்குப் பின் மின்கட்டணம் செலுத்தாததும் இதன் பின்னணியில் உண்டு. 2020 டிசம்பரில் கொசோவோவின் மின்கடத்தல் நிறுவனம் செர்பியாவின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து பிரிந்து அல்பேனியாவுடன் சேர்ந்தது. தூரத்துப் பாரிசும் பெர்லினும் இப்பிரச்சினையின் விலையை நேரடியாக உணர்ந்த அரிய தருணம் அது.

இதழியல் மாணவர்: ‘திறந்த பால்கன்’ என்னவாயிற்று?

பதில்: அது எல்லைத் தடைகளைத் தளர்த்தும் திட்டம். 2019இல் செர்பியா, அல்பேனியா, வட மாசிடோனியா மூன்றும் தொடங்கின, கொசோவோ சேர மறுத்தது. இவற்றோடு போஸ்னியா, மாண்டினீக்ரோ சேர்ந்த மேற்குப் பால்கனின் ஆறு நாடுகளையும் உள்ளடக்கியது, வட்டார ஒத்துழைப்புக்காக 2014இல் ஜெர்மனி தொடங்கிய பெர்லின் செயல்முறைதான். 2021 ஜூலை முதல் இந்த ஆறு நாடுகளுக்குள் ரோமிங் கட்டணம் இல்லை. பயணிகள் கண்கூடாகக் கண்ட பலன் அது.

மற்றொரு வாசகர்: ஒன்றியத்துக்குள் இருக்கும் நாடு, வெளியே காத்திருக்கும் அண்டை நாட்டைத் தடுக்க முடியுமா?

பதில்: முடியும், தடுத்தும் இருக்கிறார்கள். ஒன்றியத்தில் சேர்வதற்கான ஒவ்வொரு படிக்கும் எல்லா உறுப்பினர்களின் சம்மதமும் தேவை என்பதால், பிரான் வளைகுடா எல்லைத் தகராறுக்காக ஸ்லோவேனியா குரோவேஷியாவின் பேச்சுவார்த்தையை 2009 வரை நிறுத்திவைத்தது. மாசிடோனியாவின் கதை இன்னும் கொடுமை. கிரீஸின் எதிர்ப்பைத் தீர்க்க 2019இல் நாட்டின் பெயரையே வட மாசிடோனியா என மாற்றிக்கொண்டது. அவ்வாண்டே பேச்சுவார்த்தை தொடங்கப் பிரான்ஸ் மறுத்தது, 2020இல் வரலாறும் மொழியும் பற்றிய வாதத்தால் பல்கேரியா தடுத்தது. பல்கேரியர்களை அரசியலமைப்பில் குறிப்பிடும் திருத்தம் நிறைவேறாமல் கிடக்க, அதுவரை அதனோடு சேர்த்தே நடத்தப்பட்ட அல்பேனியா 2024 அக்டோபரில் தனியே அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிட்டது.