வாசகர் கேள்விகள்: பில்பாவோவின் பிடிவாதம்

கேள்வி: வெளியாட்களைச் சேர்க்கவே சேர்க்காத கால்பந்து கிளப் ஒன்று ஸ்பெயினில் இருப்பதாக என் மகன் சொல்கிறான். நம்புவதா?

நம்புங்கள். பில்பாவோ நகரத்து அத்லெட்டிக் கிளப். 1898-இல் பிறந்தது. அதில் ஆட வேண்டுமானால் பாஸ்க் மண்ணில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்குள்ள ஏதாவது கிளப்பில் ஆட்டம் பழகி வளர்ந்திருக்க வேண்டும். பாஸ்க் மண் என்பதில் ஸ்பெயினின் வடக்கு ஓரம், நவார்ரா, எல்லை தாண்டி பிரான்சில் ஒரு துண்டு எல்லாம் அடக்கம். கிளப்பின் விதிமுறைகளில் இது எழுதப்படவில்லை, வழக்கம், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, கிளப்புக்கு விதை போட்டதே இங்கிலாந்து. பில்பாவோவின் சுரங்கத்திலும் கப்பல் துறையிலும் வேலை பார்த்த ஆங்கிலேயர்களும், இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய உள்ளூர்ப் பிள்ளைகளும் கொண்டுவந்த ஆட்டம் அது. ஆரம்பத்தில் அணியில் ஆங்கிலேயர்கள் ஆடினார்கள். 1911 கோப்பைப் போட்டியில் அதுவே தகராறாகிவிட, 'நம் பிள்ளைகளே போதும்' என்று முடிவுக்கு வந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பிடிவாதம் தளரவில்லை. பக்கத்து சான் செபஸ்தியானில் ரியல் சோசிடாட் இதே வழக்கத்தை வைத்திருந்து, 1989-இல் அயர்லாந்து ஆட்டக்காரர் ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கி அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது.

சரி, இப்படி இருந்தால் அணி தேறுமா? 1929-இல் லீக் தொடங்கியதிலிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காத கிளப்புகள் மூன்றே மூன்று: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அப்புறம் இவர்கள். 2007-இல் மட்டும் கடைசி நாள் ஆட்டம் வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: பிச்சிச்சி விருது என்கிறார்களே, யார் அந்தப் பிச்சிச்சி?

இதே கிளப்காரர்தான். ரஃபேல் மொரேனோ. தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஆடுவார். 1913-இல் கிளப்பின் சொந்த மைதானமான சான் மாமெஸ் திறந்தபோது அங்கே விழுந்த முதல் கோல் அவருடையது. 1922-இல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். லீக்கில் அதிக கோல் அடிப்பவருக்கான விருது அவர் பெயரில் இருக்கிறது. சான் மாமெஸுக்கு முதன்முதலாக ஆட வரும் எந்த அணியின் கேப்டனும் அவருடைய மார்பளவுச் சிலைக்குப் பூ வைத்துவிட்டுத்தான் ஆடப் போவார்.

கேள்வி: அத்லெட்டிக்கும் அத்லெட்டிகோ மாட்ரிடும் ஒரே மாதிரி சிவப்பு வெள்ளைப் பட்டைச் சட்டை போடுகின்றனவே. யாரைப் பார்த்து யார்?

பார்த்துப் போட்டதல்ல, ஒரே மூட்டையில் வந்தது. மாட்ரிடில் படித்துக்கொண்டிருந்த பாஸ்க் மாணவர்கள் 1903-இல் தொடங்கிய கிளைதான் அத்லெட்டிகோ. இரண்டும் அப்போது நீலமும் வெள்ளையும் போட்டன. 1909 கடைசியில் இங்கிலாந்து போன ஹுவான் எலோர்துய் என்பவரிடம் அதே சட்டைகள் வாங்கிவரச் சொன்னார்களாம். போதுமான அளவு கிடைக்கவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், சவுதாம்ப்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறுவதற்குமுன் அந்த ஊர் அணியின் சிவப்பு வெள்ளைச் சட்டைகள் ஐம்பதை வாங்கிவந்துவிட்டார். பாதி மாட்ரிடுக்குப் போனது. மாட்ரிட்காரர்களின் கால்சட்டை மட்டும் இன்றைக்கும் நீலம்.

கேள்வி: 'எங்கள் ஆள் மட்டும்' என்பது குறுகிய புத்திதானே? உங்களுக்கு இதில் என்ன பெருமை?

கோபம் புரிகிறது. எனக்கும் ஒரு காலத்தில் உறுத்தியது. கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் முதன்முதலாக அந்தச் சட்டையைப் போட 2011 வரை ஆனது என்பதை மூடி மறைக்க முடியாது. பணபலத்தால் பக்கத்துச் சின்ன கிளப்புகளின் பையன்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்ற புகாரும் நியாயமானதே.

ஆனால் வில்லியம்ஸ் சகோதரர்களைப் பாருங்கள். பெற்றோர் கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தைக் கடந்து வந்தவர்கள், பெரும்பகுதி நடை. சுடுமணலில் அப்பாவின் பாதங்கள் வெந்துபோயின. உதவி செய்த பாதிரியாரின் பெயரையே மூத்தவனுக்கு இன்யாக்கி என்று வைத்தார்கள். அவன் பிறந்தது பில்பாவோ. தம்பி நிக்கோ பிறந்தது பாம்ப்லோனா. இருவருமே அத்லெட்டிக் ஆட்கள். நாட்டு அணி என்று வரும்போது அண்ணன் கானாவுக்கு, தம்பி ஸ்பெயினுக்கு. இன்யாக்கி 2016-இலிருந்து 2023 வரை ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து 251 லீக் ஆட்டங்கள் ஆடினார். பிறப்பையும் வளர்ப்பையும்தான் கேட்கிறார்கள், ரத்தத்தை அல்ல. அந்த அளவுக்கு நான் இவர்கள் கட்சி.

கேள்வி: கோப்பை ஜெயித்தால் படகில் ஊர்வலம் போவார்களாமே?

கபர்ரா என்ற சரக்குப் படகு. 1983-இல் லீக் ஜெயித்தபோதும், 1984-இல் லீக்கும் மன்னர் கோப்பையும் சேர்த்து ஜெயித்தபோதும் நெர்வியோன் ஆற்றில் அதில்தான் வந்தார்கள். அதற்கப்புறம் மன்னர் கோப்பையில் ஆறு இறுதிப் போட்டிகள், ஆறும் தோல்வி. அதில் இரண்டு 2021 ஏப்ரலில், இரண்டே வார இடைவெளியில், செவிய்யாவில் ஆளில்லாத மைதானத்தில்.

2024 ஏப்ரலில் மறுபடி அதே மைதானம், எதிரே மயோர்கா. இந்திய நேரம் நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்குத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் தூங்க, டிவி சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். 1-1. கூடுதல் நேரம். பெனால்டி. அத்லெட்டிக்கின் பெரென்கேர் கடைசிப் பந்தை வலைக்குள் அடித்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. கத்த முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

ஐந்து நாள் கழித்து, 11-ஆம் தேதி, படகு கிளம்பியது. கரையில் சுமார் பத்து லட்சம் பேர் என்றார்கள். அதில் நாற்பது வயதுக்குக் கீழே இருந்தவர்கள் அதுவரை அந்த ஊர்வலத்தைக் கண்டதில்லை, அப்பா அம்மா சொல்லிக் கேட்டதோடு சரி.