3,500 கிலோ இழுக்கும் பிக்கப்பில் டிராக்டரை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போகலாமா?

கேள்வியில் கொடுத்த கணக்கு இது: பிக்கப்பின் இழுதிறன் 3,500 கிலோ, டிராக்டர் 2,100, காலி டிரெய்லர் 850. கூட்டினால் 2,950. தாராளம் என்றுதான் தோன்றும். ஆனால் 2,100 என்பது விற்பனைத் தாளில் போடுகிற எடை. முன்னால் இருக்கும் லோடர் (மண் அள்ளும் கையும் வாளியும்) ஒரு 450 கிலோ. பின் டயர்களில் பிடிமானத்துக்காகத் தண்ணீர் நிரப்பியிருப்பதாகவும் கேள்வியில் சொல்கிறீர்கள், 13.6-28 டயர் ஒன்றுக்குச் சுமார் 200 லிட்டர், ஆக இரண்டுக்கும் 400 கிலோ. மொத்தம் 3,800 ஆகிவிட்டது. பின்னால் மாட்டிய கருவி தனி. இப்படியே இழுக்கக் கூடாது.

லோடரைக் கழற்றினால் 3,350. கழற்றியதைப் பிக்கப்பிலேயே போட்டுக்கொள்ளலாமே என்றால், அதுவும் ஆகாது. டிரெய்லரின் மூக்கு பிக்கப்பை அழுத்தும் 350 கிலோவோ என்னவோ, அதுவும் பிக்கப்பின் சுமைக் கணக்கில்தான் வரும். அதோடு லோடர், ஆட்கள் என்று சேர்த்தால் பல பிக்கப்புகளுக்குத் தாங்காது. லோடருக்குத் தனி நடை அடியுங்கள். ஹிட்ச் (பிக்கப்பின் பின்னால் இருக்கும் இணைப்பு), அதன் மேல் உள்ள பால் (இரும்புக் குண்டு), அதைக் கவ்வும் டிரெய்லர் மூக்கின் கப்ளர், ஒவ்வொன்றிலும் அதனதன் எடை அளவு பொறித்திருக்கும். எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. இந்த எடைக்கு டிரெய்லரில் சொந்த பிரேக் இல்லையென்றால் பேச்சே வேண்டாம்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஏற்றும்போதுதான். டிராக்டர் ராம்ப்பில் ஏறுகிற நேரத்தில் எடை முழுக்க டிரெய்லரின் வால் பக்கம் விழும், மூக்கு தூக்கும், கூடவே பிக்கப்பின் பின்பக்கத்தையும் தூக்கும். கை பிரேக் பிடித்திருப்பதே அந்தப் பின் சக்கரங்களைத்தான். அவை தரையை விட்டால் எல்லாமே உருளும். அதனால் சமதரையில் நிறுத்தி, டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டியபடியே, வாலின் இரண்டு மூலைக்கும் ஸ்டாண்டு கொடுத்து, பிக்கப்பின் முன் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் கட்டை போட்டுவிட்டு ஏற்றுங்கள். கிளம்பும் முன் ஸ்டாண்டை எடுக்க மறக்காதீர்கள். ராம்ப் செங்குத்தாக இருந்தால் ரிவர்ஸில் ஏற்றுவது நல்லது. முன்பக்கமாக ஏறினால் முன் சக்கரம் தூக்கிப் பின்னால் கவிழ வாய்ப்பு உண்டு. பாதி ராம்ப்பில் கிளட்ச்சை மிதிக்காதீர்கள்.

அடுத்து முன்பாரம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் மூக்கில் விழ வேண்டும். அதாவது குறைந்தது 335 கிலோ, ஹிட்ச்சில் பொறித்த மேல் அளவைத் தாண்டாமல். எடை மேடை கிடைத்தால் பிக்கப்பை மட்டும் ஒரு முறை நிறுத்துங்கள். பிறகு டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரங்கள் மேடைக்கு வெளியே இருக்கும்படி இன்னொரு முறை. வித்தியாசம்தான் முன்பாரம். டிரெய்லர் அச்சுக்கும் பாலுக்கும் 4 மீட்டர் என்றால், 2,500 கிலோ டிராக்டரை 10 செ.மீ. முன்னே நகர்த்தினாலே மூக்கில் 60 கிலோ கூடும். எனவே சரியான இடம் கிடைத்ததும் பலகையில் பெயின்ட்டால் கோடு போட்டுவிடுங்கள்.

முன்பாரம் மிஞ்சினால் ஸ்டீயரிங் லேசாகும். பின்பாரம் ஆனால் வேகத்தில் வால் ஆடும், அது இன்னும் மோசம். ஆட ஆரம்பித்தால் பிக்கப் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். டிரெய்லர் பிரேக்குக்குத் தனி கன்ட்ரோலர் இருந்தால் அதை மட்டும் மெதுவாகக் கொடுக்கலாம்.

கட்டுவதற்கு நான்கு செயின், நான்கு மூலை. முன்னிரண்டு முன்னோக்கி இழுக்க வேண்டும், பின்னிரண்டு பின்னோக்கி. கிரேடு 70, 5/16 அங்குலச் செயின் 2,130 கிலோ தாங்கும், போதும். செயினை இறுக்கும் பைண்டரில், திருகி இறுக்கும் ராட்செட் வகையே வாங்குங்கள். லீவர் பைண்டர் கைநழுவினால் முகத்தில் அடிக்கும். கொக்கியைச் சேசிஸிலோ அச்சிலோ மாட்டுங்கள். டை ராடு (முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பி), ஹைட்ராலிக் ஹோஸ் பக்கமே செயின் போகக் கூடாது. டிராக்டர் கியரில், கை பிரேக்கில் நிற்கட்டும். டர்போ என்ஜின் என்றால் சைலன்சர் வாயை மூடிக் கட்டிவிடுங்கள். காற்று புகுந்தால் ஆயில் ஓட்டமே இல்லாமல் டர்போ சுற்றி பேரிங் தேயும்.

15 கி.மீ. போனதும் நிறுத்திச் செயினைப் பாருங்கள். டிராக்டர் டயர் அமுங்கியிருக்கும், செயின் தளர்ந்திருக்கும்; இறுக்கிவிட்டுப் போகலாம். அடுத்த முறையும் அதே செயின்தான் தளர்கிறது என்றால், அசைகிற பாகம் எதிலோ மாட்டியிருக்கிறீர்கள். கழற்றி இடம் மாற்றுங்கள்.