வள்ளம்களிப் படங்களில் காட்டுவது போலத்தான் நிஜப் பந்தயமும் நடக்கிறதா?

கேரளத்துப் படகுப் பந்தயமான வள்ளம்களியை மையமாக வைத்து எடுத்த மலையாளச் சண்டைப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இரண்டு ஊர்ப் பகை, அடிதடி, கடைசி நேரத்தில் கதாநாயகன் படகில் தாவி ஏறித் துடுப்புப் போட்டு ஜெயிப்பது, இதெல்லாம் நிஜத்திலும் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப் போட்டி உண்டு. தகராறும் உண்டு. தாவி ஏறி ஜெயிக்கும் ஆள் மட்டும் கிடையாது. இருக்கவே முடியாது.

ஆலப்புழையில் கயிறு ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் கணக்கு எழுதினேன். உடன் வேலை பார்த்த குட்டநாட்டுக்காரர்கள் மாலையில் பயிற்சி பார்க்க அழைத்துப் போவார்கள். அந்தப் பித்து இன்றுவரை தெளியவில்லை. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

பந்தயத்தில் ஓடும் படகான சுண்டன் வள்ளம் நூறு அடிக்கு மேல் நீளம் கொண்டது. ஆஞ்சிலி மரத்தில் செய்வார்கள். அமரம், அதாவது பின்பக்கம், பாம்பு படமெடுத்ததைப் போல உயர்ந்து நிற்கும். வரிசைக்கு இரண்டு பேராக எண்பது, தொண்ணூறு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுவார்கள். அமரத்தில் நீண்ட துடுப்புகளோடு நிற்பவர்கள் திசையைக் காப்பார்கள். நடுவில் நிற்கும் நிலைக்காரர்கள் உலக்கை போன்ற கட்டையால் பலகையை இடித்துத் தாளம் கொடுப்பார்கள். படங்கள் அதிகம் கண்டுகொள்ளாத அந்த நிலைக்காரர்கள்தான் பந்தயத்தின் உயிர்.

கரையோரமாகப் பயிற்சி வள்ளம் போகும்போது கிட்டத்தில் நின்று பார்த்தால் இது புரியும். முன்னால் இருப்பவரின் முதுகுக்கும் பின்னால் இருப்பவரின் முழங்காலுக்கும் இடையே ஒரு கை நுழைவதே கடினம். ஒருவர் இம்மி தாமதித்தாலும் அவருடைய துடுப்பு அடுத்தவர் துடுப்பில் இடிக்கும். அந்த இடி வரிசையாகப் பின்னால் பரவும். ஒரே ஒருவர் மற்றவர்களைவிட வேகமாக வலித்தாலும் கேடுதான். வள்ளம் ஒரு பக்கம் அசைந்து ஓட்டம் குறையும். தாளத்தைச் சீக்கிரமே ஏற்றிவிட்டால் பாதி வழியில் கைகள் சோர்ந்துவிடும். தாமதமாக ஏற்றினால் எல்லைக்கோடு வந்துவிடும். எப்போது ஏற்றுவது என்ற கணக்குதான் பந்தயம். நடுவழியில் ஒரு பலசாலி தாவி ஏறினால் அந்த வள்ளம் தோற்றுத்தான் போகும்.

கடைசி நொடிப் பரபரப்புக்குச் சினிமா தேவையே இல்லை. ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நடக்கும் நேரு கோப்பைப் பந்தயத்தின் 2024ஆம் ஆண்டு இறுதிப் போட்டியைத் தேடிப் பாருங்கள். காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 நொடி, வீயபுரம் சுண்டன் 4 நிமிடம் 29.790 நொடி. ஒரு நொடியை இருநூறாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டுதான் வித்தியாசம். தோற்ற தரப்பு முடிவை ஏற்காமல் முறையிட்டது. காரிச்சாலின் வெற்றியே உறுதியானது. எந்த இயக்குநராவது இப்படி ஒரு முடிவை எழுதியிருந்தால் "நம்பும்படி இல்லை" என்று நாமே சொல்லியிருப்போம்.

அந்தக் கோப்பை பிறந்த கதையும் அப்படித்தான். 1952இல் குட்டநாட்டுக்கு வந்த நேருவுக்காக ஒரு பந்தயம் நடத்தினார்கள். நடுபாகம் சுண்டன் ஜெயித்தது. உற்சாகம் தாங்காமல், பாதுகாப்பையெல்லாம் மறந்து, பிரதமர் அந்த வள்ளத்திலேயே ஏறிவிட்டார். டெல்லி திரும்பியதும் வள்ளத்தின் வடிவில் ஒரு வெள்ளிக் கோப்பையைத் தன் கையெழுத்தோடு அனுப்பிவைத்தார். இன்றும் அதற்காகத்தான் புன்னமடைக் காயலில் அத்தனை பேரும் துடுப்பு வலிக்கிறார்கள்.

இன்னொன்றையும் படங்கள் எளிமையாக்கிவிடுகின்றன. வள்ளம் பொதுவாக ஒரு கரைக்கு, அதாவது ஊருக்குச் சொந்தம், ஊர்க்காரர்களின் பணத்தில் உருவானது. ஆனால் அதைச் செலுத்துவது பெரும்பாலும் ஒரு படகு கிளப். 2024இல் காரிச்சாலைச் செலுத்தியது பள்ளாத்துருத்தி போட் கிளப். அதற்கு முந்தைய ஆண்டு அதே கிளப் வீயபுரம் சுண்டனில் ஏறி ஜெயித்தது. ஆக, போன வருடம் தோள் கொடுத்தவர்களே இந்த வருடம் எதிர் வள்ளத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பன் பகை, பாட்டன் பகை என்று ஒரே கோட்டில் கதை சொல்வதைவிட இந்தச் சிக்கலில் எவ்வளவு நாடகம் இருக்கிறது! முகாம் போட்டு அத்தனை பேருக்கும் நாள்கணக்கில் சாப்பாடு போடும் செலவு, வெளிமாநிலத் துடுப்பாளர்களை எத்தனை பேர் சேர்க்கலாம் என்ற வாக்குவாதம், ஊர்ப் பையனுக்கு இடம் கிடைக்காத ஆதங்கம்: யாராவது இதை ஒரு படமாக எடுக்க வேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

ஆறன்முளையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே பம்பை ஆற்றில் உத்திரட்டாதி நாளில் நடப்பது முதன்மையாக பார்த்தசாரதி கோயிலின் வழிபாடு. அங்கே வருபவை பள்ளியோடங்கள், அதாவது புனிதமாகக் கருதப்படும் கோயில் வள்ளங்கள். அவற்றில் செருப்புக் காலோடு ஏறக் கூடாது. வஞ்சிப்பாட்டை, அதாவது படகுப் பாட்டை, ஆற அமரக் கேட்க வேண்டுமானால் ஆறன்முளைதான் சரியான இடம். வேகம் பார்க்கப் புன்னமடை.

நேரில் போகும் எண்ணம் இருந்தால் தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை என்பதுதான் பழைய வழக்கம். ஆனால் வயநாடு நிலச்சரிவால் 2024இல் செப்டம்பர் 28க்குத் தள்ளிப்போனது, 2025இல் ஆகஸ்ட் 30இல் நடந்தது. தகுதிச் சுற்றுகளில் எந்த நான்கு வள்ளங்கள் குறைந்த நேரம் எடுத்தனவோ அவைதான் இறுதிக்குப் போகும். அதனால் முதல் சுற்றையே தவறவிடாதீர்கள். பெண்கள் துடுப்புப் போடும் தெக்கனோடி வள்ளங்களின் போட்டியையும் இருந்து பாருங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. பந்தயத்துக்கு முந்தைய வாரம் ஒரு மாலை நேரம் காயல் கரைக்குப் போனால் பயிற்சியை இலவசமாகவே பார்க்கலாம். நிலைக்காரர்களின் இடி அங்கேதான் தெளிவாகக் கேட்கும்.