கைக்குத் தினமும் பரீட்சை வேண்டாம்

அன்புள்ள ஆலோசகருக்கு,

வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 54. சென்ற வருடம் பாரிசவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. விடாமல் பயிற்சி செய்து, சட்டைப் பொத்தான் போடும் அளவுக்கு வந்தேன். போன வாரம் காய்ச்சலில் படுத்ததால் பயிற்சி விட்டுப்போயிற்று. இப்போது விரல்கள் இறுகுகின்றன, பொத்தான் நழுவுகிறது. தேறியதெல்லாம் போய்விடுமோ என்று நாள் முழுக்கக் கையை மூடித் திறந்து பார்க்கிறேன். தூக்கமும் இல்லை. என்ன செய்வது?

— வாசகி, கொழும்பு 6

அன்புள்ள சகோதரிக்கு,

காய்ச்சல், தூக்கமின்மை, களைப்பு மூன்றும் பாதிக்கப்பட்ட பக்கத்தைத் தற்காலிகமாக வலுவிழக்கச் செய்யும், இறுக்கவும் செய்யும். மாதக்கணக்காக மூளை பழகியது சில நாள் ஓய்வில் அழிந்துவிடாது. உங்களை இப்போது வாட்டுவது அந்த ஓயாத சோதனைதான். மூடித் திறந்தே கை களைக்கிறது. பதற்றம் தசையை இன்னும் இறுக்குகிறது. இறுக்கத்தைக் கண்டு பயம் கூடுகிறது.

சோதனையை வாரம் ஒன்றாக்குங்கள். ஞாயிறு காலை, அதே சட்டை, 5 பொத்தான். எடுத்த நேரத்தைக் கொப்பியில் எழுதி மூடிவிடுங்கள். ஒரு வாரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், 4 வாரப் போக்கைப் பாருங்கள். இடையில் கையைப் பார்க்கத் தோன்றினால் 15 நிமிடம் தள்ளிப்போடுங்கள். கையை மேசையில் சாய்த்து, 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். முதலில் தவிப்பு கூடத்தான் செய்யும். இணங்காமல் இருக்க இருக்கக் குறையும். வீட்டாரும் "இண்டைக்குக் கை எப்பிடி?" என்று தினமும் கேட்க வேண்டாம். அன்பாகக் கேட்டாலும் அதுவும் ஒரு பரீட்சைதான்.

பயிற்சியைப் பழைய அளவில் பாதியாக, காலையும் மாலையுமாகப் பிரித்துத் தொடங்குங்கள். மறுநாள் வலியோ கூடுதல் இறுக்கமோ இல்லாவிட்டால் மெல்லக் கூட்டலாம். விட்ட நாட்களுக்கும் சேர்த்து ஒரேயடியாகச் செய்தால் தோள்தான் வலிக்கும். காய்ச்சல் விட்டு ஒரு வாரமாகியும் இறுக்கம் தளராவிட்டால் இயன்மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்றில் மட்டும் தள்ளிப்போடுதல் கூடவே கூடாது. முகம் கோணினால், பேச்சுக் குழறினால், கையோ காலோ திடீரென வலுவிழந்தால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

பாரிசவாதத்தின் பின் மனச்சோர்வு பலருக்கும் வரும், அதற்குச் சிகிச்சை உண்டு. தூக்கமின்மையும் பயமும் 2 வாரம் தாண்டினால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்குள் தாங்க முடியாத இரவு வந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்துப் பேசுங்கள்.